வரப்பில்லாத மொட்டை மாடி

மரக்காணத்து உப்பளங்கள் மழைக்கு மூடிக்கிடக்கும் மாதங்களில்தான் அந்தப் பயிற்சியை வைத்தார்கள். உப்பு வாருகிறவர்களுக்கு அப்போதுதான் வேலை இருக்காது என்பது காரணம். அதனாலேயே அது தப்பான காலமாகவும் இருந்தது. வீட்டுக்குள் சூடு இறங்காமல் இருக்க மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு பூசக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. பூச்சு காய அரை நாள் வெயில் வேண்டும். ஆள் கிடைக்கிற மாதத்தில் வெயில் கிடைக்காது, வெயில் அடிக்கிற மாதத்தில் ஆட்கள் பாத்தியில் நிற்பார்கள். ஆகவே எங்கள் நாள் ஒவ்வொன்றும் கிழக்கே கடல் பக்கம் மேகத்தைப் பார்ப்பதில் தொடங்கியது.

நான் அதுவரை புதுச்சேரியில் ஒரு நாளிதழில் இருந்தேன். பதிப்பைச் சுருக்கியபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. பயிற்சியை நடத்திய தொண்டு அமைப்புக்கு, நடப்பதை எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பூச்சுக்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் என்ன சூடு, யார் எதைக் கற்றுக்கொண்டார்கள், யார் பாதியில் நின்றார்கள், இதெல்லாம் என் வேலை. பெண்கள் எனக்குப் ‘பேப்பர் மேடம்’ என்று பேர் வைத்தார்கள்.

வகுப்பு, கடற்கரைச் சாலையை ஒட்டிய புயல் பாதுகாப்பு மையத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள், எல்லாரும் உப்பளக் கூலி. விஷச் சாராயம் பல ஆண்களைக் கொண்டுபோன எக்கியார்குப்பத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் ஆண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எல்லாரையும் கேட்ட பயிற்சியாளர், அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும் அதைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

அவர் வானூர் பக்கத்துக்காரர். ஆரோவில்லில் பல வருடம் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவர். கரும்பலகையில் எழுதியதைவிடக் கையால் காட்டியது அதிகம். வீடு ஏன் சூடாகிறது, மின்விசிறி ஏன் ராத்திரியிலும் அனல் காற்றையே வீசுகிறது, ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஏன் கரண்டு அதிகம் இழுக்கிறது, மேல் சன்னலில் எந்த இடைவெளியை அடைக்க வேண்டும், எதைத் திறந்துவிட வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். பிறகு, தொடாமலே சூட்டை அளக்கும் சின்னத் துப்பாக்கியை எடுத்துக் கூரையைக் குறிபார்த்து அழுத்தினார்.

“கரோனாவுல நெத்தியில வெச்சாங்களே, அதானே இது?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “அப்ப நமக்குக் காய்ச்சல் பார்த்தாங்க. இப்ப வூட்டுக்குப் பார்க்குறாங்க.”

கூடம் சிரித்தது. பேசியது ஒல்லியான, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்காமல் அவள் தொடையில் ஒரு அடி வைத்தார். அவர் இவளுடைய அண்ணன் மனைவி, நாற்பதைத் தாண்டியவர், அகன்ற தோள், குட்டையான உருவம். இருவரும் சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே போனார்கள். மூத்தவரை எல்லாரும் அக்கா என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இளையவள் அவருக்கு நாத்தனார்.

மாடி ஏறிய முதல் நாளே ஒரு சிக்கல் தெரிந்தது. காலனியில் இருப்பவை அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். தட்டையான காங்கிரீட் கூரை. கைப்பிடிச் சுவர் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும். தரையிலிருந்து பத்தடி இருக்கும். கீழே சிமெண்டு பூசிய வாசல், துவைக்கும் கல், குடங்கள். இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டுகள் எங்களிடம் இருந்தன. அவற்றின் கயிற்றைக் கட்டத்தான் அந்தக் கூரையில் ஒரு இடமும் இல்லை.

பூச்சு வேலைக்கு நீண்ட கழியில் மாட்டிய ரோலர். ஏணிக்கு எதிர்ப் பக்கத்தில் தொடங்கி, ஈரத்தில் கால் படாமல் பின்னாலேயே நகர்ந்து, ஏணியருகே வந்து முடிக்க வேண்டும். வேறு ஊர்ப் பயிற்சிகளில் இப்படிப் பின்னால் நகரச் சொல்லிக்கொடுப்பதே பெரும்பாடு என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இங்கே சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்கள் கழியைப் பிடித்த உடனே பின்னால் நடந்தார்கள். நிமிர்ந்த முதுகு, சீரான அடி, திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அந்தத் திரும்பிப் பார்க்காததில்தான் ஆபத்து இருந்தது. பாத்தியில் உப்பு வாருவதும் இதே மாதிரிதான். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் பலகை. அதைத் தன்னை நோக்கி இழுத்தபடி பின்னாலேயே வர வேண்டும். எங்கே நிற்பது என்பதைக் கண் பார்ப்பதில்லை. குதிகாலில் வரப்பு தட்டும், நின்றுவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படியே வேலை செய்தவர்களின் உடம்பு, பின்னால் ஒரு வரப்பு இருக்கிறது என்று நம்பியது. மொட்டை மாடியில் அந்த வரப்பு இல்லை.

முதல் நாள் பயிற்சியாளர் “எட்ஜ்! எட்ஜ்!” என்று கத்தினார். எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்தி அதை ‘எட்டு’ என்று கேட்டு இன்னும் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். பயிற்சியாளர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அதன்பின் அவர் சற்றுநேரம் கூரையின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, நாத்தனார்கூட.

அடுத்த வீட்டில் அவர் ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, மாடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கினார். “உங்களுக்கு வரப்பு இல்லாததுதானே பிரச்சினை? இந்தாங்க வரப்பு.” அது வேலை செய்தது. குதிகாலில் செங்கல் தட்டியதும் ஒவ்வொருத்தியும் நின்றாள். அடுத்த சில நாட்கள் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் செங்கல் விழுந்தபோது நான் கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அறைக்குள் சூட்டை அளந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். எனக்கு இரண்டடி தள்ளி, கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் குண்டான்மேல் அது விழுந்தது. வீட்டுக்காரம்மா அலறினார். நிமிர்ந்து பார்த்தேன். கூரை ஓரத்தில் ஒரு கேன்வாஸ் ஷூவின் அடிப்பகுதி தெரிந்தது, பாதி காற்றில். மேலே நாத்தனார் “அண்ணி!” என்று கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது.

“இன்னாடி?” என்றார் அக்கா, சாதாரணமாக.

பயிற்சியாளர் அவரைக் கீழே இறக்கித் திட்டினார். செங்கல்லைத் தள்ளுகிற அளவுக்குக் கவனம் எங்கே போனது, கீழே மேடம் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரம்மா, குழந்தைகள் விளையாடுகிற இடம், இனி செங்கல் வைத்தால் ஏற விடமாட்டோம் என்றார். தெருவே அவரோடு சேர்ந்துகொண்டது. செங்கல் வரப்பு அன்றோடு போயிற்று; மற்றவர்கள் அதற்குள் திரும்பிப் பார்த்து நிற்கப் பழகியிருந்தார்கள்.

செய்தி வேலையில் பழகிய ஒரு விஷயம் உண்டு. விபத்து நடந்த இடத்தில், எது விழுந்தது என்பதை விட்டுவிட்டு யார் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குதிகாலால் ஒன்றை இடித்துத் தள்ளியவர் முதலில் தன் காலைப் பார்ப்பார். அக்கா தன் காலைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவர் எங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்.

மதியம் கூடத்தின் பின்புறம் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அக்கா எனக்கு இடம் விட்டார்.

“கால் மரத்துப்போயிருக்காக்கா?” என்றேன்.

நாத்தனார் என்னை முறைத்தாள். “பேப்பர்ல போடவா?”

“சும்மா இருடி,” என்றார் அக்கா. பிறகு என்னிடம், “சுகரு மேடம். கொஞ்ச வருஷமா இருக்குது. மொதல்ல விரலு போச்சு. அப்பறம் குதிங்காலு. வரப்பு ஈரமா வந்து தட்டும் பாருங்க, அது நின்னுபோச்சு. ரெண்டு வாட்டி வரப்பைத் தாண்டி மல்லாக்க உழுந்தேன். மேஸ்திரி வராதன்னுட்டாரு.”

“வேற எடத்துல கேட்டீங்களா?”

“எல்லா அளத்துக்கும் அந்தச் சேதி போயிடுச்சு. உழுந்து செத்துட்டா யாரு பதில் சொல்றதுன்றாங்க.” அவர் டப்பாவின் மூடியை இன்னொரு முறை அழுத்தினார். “சார் கிட்ட சொல்லிடாதீங்க. இதுவும் போச்சுன்னா நான் வூட்டுலதான் ஒக்காரணும். ஒக்காந்து சாப்புடுற வூடு இல்ல எங்களுது.”

“மேலேருந்து விழுந்தா?”

“உழ மாட்டேன். இவ பேசிக்கினே இருப்பா.”

எனக்குப் புரியவில்லை. நாத்தனார் விளக்கினாள். அவள் எப்போதும் அக்காவுக்கு எதிரே, இன்னும் பூசாத பக்கத்துப் பட்டையில் நின்று அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள்; வாய் ஓயாமல் பேசுவாள். பின்னால் இடம் இருக்கும்வரை பேச்சு வரும். ஓரம் நெருங்கினால் பேச்சை நிறுத்திவிடுவாள். பேச்சு நின்றால் அண்ணி நிற்க வேண்டும். உப்பளத்திலேயே கடைசி மாதங்களை இப்படித்தான் ஓட்டினார்களாம். செங்கல் விழுந்த அன்று அவளை இன்னொரு மூலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

“நில்லுன்னு கத்தலாமே?” என்றேன்.

“கத்துனா பதறுவா மேடம். பதறி ஒரு அடி வெப்பா. பேச்சு நின்னா பதற மாட்டா. நிப்பா.”

யோசித்துப் பார்த்தால் அது நல்ல ஏற்பாடு. இருமல் வந்தாலும், தூரத்துச் சாவு மேளத்தில் குரல் அமுங்கினாலும் அக்கா நின்றுதான் போவார். எதுவும் கேட்காவிட்டால் நகராதே என்பதுதான் விதி. எழுதும்போது இவ்வளவு தெளிவாக இருக்கிறது. மறுநாள் அவர் ஏணி ஏறியபோது எனக்கு இது எதுவும் உதவவில்லை.

அன்றிலிருந்து நான் கீழே நிற்கவில்லை. சூட்டை அளந்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறிவிடுவேன். எல்லாரும் பூச்சைப் பார்த்தார்கள், நான் ஒரு ஜோடி ஷூவைப் பார்த்தேன். பயிற்சியில் எல்லாருக்கும் கொடுத்த நீல கேன்வாஸ் ஷூ. முதல் நாள் அதைப் போட்டபோது பெண்கள், அடியில் தரையே தெரியவில்லை, மரக்கட்டைமேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்று புலம்பினார்கள். அப்போது அக்கா, “இப்ப எல்லாருக்கும் என் காலுதான்,” என்று சொன்னார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்திருந்தேன்.

நாத்தனாரின் பேச்சு நாள் முழுக்க ஓடியது. பெரும்பாலும் வசவு.

“அண்ணி, எங்கண்ணன் பொண்ணு பார்க்க வந்தப்பவும் நீ இப்படித்தான் பின்னாலயே போயி கதவுல முட்டிக்கினியாமே? அப்பவே எங்கம்மா சொல்லிச்சு, இது திரும்பிப் பார்க்காத குடும்பம்னு.”

“உங்கம்மா சொன்னது இருக்கட்டும். உங்கண்ணன் அன்னைக்குத் தட்டுல இருந்த கேசரி பூரா துன்னதைச் சொல்லு.”

“பசிச்சுது, துன்னாரு. உன்னையா பார்க்க வந்தாரு? கேசரியைத்தான் பார்க்க வந்தாரு.”

சட்டென்று மௌனம். ஷூ நிற்கும். அக்கா கழியை அப்படியே பிடித்தபடி பக்கவாட்டில் இரண்டடி நகர்வார், மறுபடி எதிர்ப் பக்கத்துக்குப் போவார், அடுத்த பட்டை தொடங்கும், பேச்சும் தொடங்கும். பயிற்சியாளர் கீழிருந்து, “ஏம்மா, வாயில ரோலரை வெச்சு அடைக்கட்டுமா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததாக ஞாபகமில்லை.

என் பயம் மௌனத்தைப் பற்றியதல்ல. பேச்சு நிற்காமல் போவதைப் பற்றியது. அது ஒருநாள் நடக்கவும் நடந்தது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் நடந்த சண்டையை நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தாள். சாம்பார் வாளி யார் தலையில் கவிழ்ந்தது என்ற இடத்துக்கு வந்தபோது அவள் கண் அண்ணியின் காலில் இல்லை; கையை உயர்த்தி வாளியைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஷூ ஓரத்தை நெருங்கியது. கத்தினால் பதறுவார் என்பது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த சூடு அளக்கும் துப்பாக்கியை நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டி அழுத்தினேன். அதன் சிவப்புப் புள்ளி அவள் நெற்றியில் விழுந்ததும் திடுக்கிட்டு வாயை மூடினாள். ஷூ நின்றது. குதிகாலுக்கும் ஓரத்துக்கும் இடையே நாலு விரல்கூட இல்லை.

“அப்பறம் யாரு தலையிலடி கவுந்துச்சு?” என்றார் அக்கா.

நாத்தனார் கழியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். பூச்சு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி சொன்னதும் கையை உயர்த்தினார்.

“போதும் மேடம். எனக்குத் தெரியாது.”

“அதனாலதான் சொல்றேன்.”

“இல்ல, நீங்க புரிஞ்சிக்கல. எனக்குத் தெரியாமதான் இருக்குது. தெரிஞ்சா நான் அவங்களை ஏத்தக் கூடாது.” இன்னொரு வாளியை எடுத்தார். “மத்தியான வெயில்ல எல்லாரும் ஷூவைக் கழட்டிட்டு மேல தத்தித் தத்திக் குதிச்சாங்க. அந்தம்மா மட்டும் நின்னுக்கினு இருந்தாங்க. நானும் கண்ணு வெச்சிருக்கேன்ல?”

“அப்புறம் ஏன்?”

“இறக்கிட்டு எங்க அனுப்பட்டும்? நீங்க சொல்லுங்க.”

அடுத்த நாளிலிருந்து நடுப்பகுதிப் பட்டைகள் மட்டுமே அக்காவுக்கு வந்ததைக் கவனித்தேன். ஓரங்களை இன்னொருத்தி மண்டியிட்டுத் தூரிகையால் பூசினாள். கடைசிப் பட்டையை மட்டும் மாற்ற முடியவில்லை. ஏணி இருக்கும் இடம் ஓரம்தான். எல்லா வேலையும் அங்கேதான் வந்து முடிகிறது.

தேர்வு வைக்க வெளியூரிலிருந்து ஒருவர் வருவார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஜோடி ஜோடியாக மாடியில் வேலை செய்து காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வெயில் காலத்தில் காலனி வீடுகளுக்குப் பூச்சு பூசப்போகும் குழுவில் இடம். அக்கா தேர்வைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்: “அன்னைக்கும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே?” பயிற்சியாளர் ஆமாம் என்றதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

தேர்வாளர் ஐம்பது வயதுக்காரர், மென்மையான குரல். எல்லாரையும் அம்மா என்றார். ஏணியில் ஏறி, தலையும் தோளும் மாடிக்கு மேலே தெரிய நின்றபடி, கைபேசியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் பக்கத்து மாடியில் நின்றேன். காலையில் தூறிவிட்டு வெளுத்திருந்தது. கடல் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. எக்கியார்குப்பத்து ஜோடி முடித்து இறங்கியது. அக்காவும் நாத்தனாரும் ஏறினார்கள்.

முதல் பட்டை நன்றாகவே போனது. நாத்தனார் அன்று வசவைக் குறைத்துக்கொண்டு, வந்தவருக்கு மரியாதையாக ரேஷன் கடையைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது பட்டையின் நடுவில் தேர்வாளர் நிமிர்ந்தார்.

“பேச்சு வேண்டாம்மா. டெஸ்ட் நடக்குது.”

நாத்தனார் நிறுத்தினாள். அக்காவும் நின்றார்.

கூரையின் நடுவில், பின்னால் ஏழெட்டு அடி இடம் இருக்கும்போது, ரோலரைத் தரையில் வைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை ஓரம் வந்துவிட்டது. எதிரே நாத்தனார் கண்களை அகல விரித்து, தலையை அசைத்து, இடம் இருக்கிறது என்று காட்டினாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தார், அசையவில்லை. சைகையை நம்பி அவர் ஒருநாளும் அடி வைத்ததில்லை.

“என்னம்மா, நின்னுட்டீங்க? நடுவுல காஞ்சா கோடு விழுமே?” என்றார் தேர்வாளர்.

கீழே பயிற்சியாளர் ஏணியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். “சார், அந்தம்மாவைப் பேச விட்டுடுங்க. அவங்களுக்கு அப்படியே பழகிப்போச்சு,” என்றார்.

“ஏன், பேசினாத்தான் வேலை நடக்குமா?”

தெருவில் கூடியிருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எல்லாருக்குமே தெரியும். நாத்தனார் தொண்டையைச் செருமி, “சார், நான் வேணா ஒரு பாட்டு பாடட்டுமா?” என்றாள்.

“இது டெஸ்ட்டும்மா.”

“சாமிப் பாட்டுதான் சார்.”

அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார். ரோலருக்கு முன்னால் பூச்சின் விளிம்பு மங்கிக் காயத் தொடங்கியிருந்தது.

“சார்,” என்றார் அக்கா. திரும்பாமல், தன் எதிரே இருந்த ஈர வெள்ளையைப் பார்த்தபடி பேசினார். “எனக்குக் காலு தெரியாது. சுகரு. அவ பேசுனா பின்னால எடம் இருக்குதுன்னு அர்த்தம். நிறுத்துனா இல்லன்னு அர்த்தம். நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நின்னுட்டேன்.”

தேர்வாளர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். “இது உங்க சாருக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது சார். நாங்க ரெண்டு பேருந்தான் மறைச்சோம்.”

பயிற்சியாளர் வாயைத் திறந்து மூடினார். நான் பக்கத்து மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சரிம்மா,” என்றார் தேர்வாளர், நாத்தனாரிடம். “பேசுங்க. பேசி இந்தப் பக்கம் கொண்டுவாங்க.”

நாத்தனார் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாரக்கணக்கில் ஒரு நொடி ஓயாமல் பேசியவள், எல்லாரும் காத்துக்கொண்டிருக்க, பேச எதுவும் கிடைக்காமல் நின்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. அக்கா நின்ற இடத்திலேயே காத்திருந்தார். ஒரு மழைத் துளி என் கையில் விழுந்தது. இன்னொன்றை எதிர்பார்த்தேன். வரவில்லை.

“அண்ணி,” என்றாள் கடைசியில். “இன்னைக்கு இன்னா கொழம்பு?”

“உன் தலை,” என்றார் அக்கா, ஓர் அடி பின்னால் வைத்தார்.

“என் தலையில இன்னா இருக்குது, எலும்புதான். கத்திரிக்கா இருந்துச்சே.”

“அது சொத்தை.”

“சொத்தைன்னா நறுக்கிட்டுப் போடு. எங்கண்ணன் பார்க்கவா போறாரு? கண்ணை மூடிக்கினுதானே துன்றாரு.” அவளுக்கு அழுகையும் வந்துகொண்டிருந்தது, பேச்சும் வந்துகொண்டிருந்தது. “மெதுவா துன்னுடா, யாரும் புடுங்கிக்கினு போவப் போறதில்லன்னு எங்கம்மா...”

பேச்சு நின்றது. ஷூ நின்றது. ஏணி அவருக்குப் பின்னால் ஓர் அடியில் இருந்தது.

ஏணி இறங்குவதும் பின்பக்கமாகத்தான். இத்தனை நாளும் அவர் படியைக் கையால் தடவி, குனிந்து பார்த்து, மற்றவர்கள் போன பிறகு இறங்கியிருக்கிறார். தேர்வாளர் இரண்டு படி கீழே போய் நின்று, அக்காவின் கணுக்காலைப் பிடித்து முதல் படியில் வைத்தார்.

“ஐயோ சார், காலைத் தொடாதீங்க.”

“தொட்டா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“பார்க்குறேன்ல?” என்றார் அக்கா. அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.

கீழே வந்ததும் அவர் உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “பாஸா ஃபெயிலா சார்?” என்று கேட்டார்.

“மேல ஏத்த முடியாதும்மா. நான் ஏத்தினா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் பதில் சொல்லணும்.” உப்பளத்தில் சொன்ன அதே வார்த்தை. அவருக்கு அது தெரியாது.

“கீழ நெறைய வேலை இருக்குது சார்,” என்றார் பயிற்சியாளர் வேகமாக. “சூடு அளக்குறது, சன்னல் பார்க்குறது, ஃபேன் மாத்துறது, வூட்டுக்காரங்களுக்குச் சொல்லித் தர்றது. இந்தம்மாதான் அதுல நல்லா செய்றாங்க.”

“இருக்கலாம். சான்றிதழ் ஒண்ணுதான். மாடி வேலையும் சேர்த்துத்தான். பிரிச்சுக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல.” அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். நாத்தனார் மிச்சப் பட்டைகளைத் தனியாகப் பூசி முடித்தாள், ஒரு வார்த்தை பேசாமல். அவள் தேறினாள்.

வெயில் காலம் வந்ததும் குழு வேலையைத் தொடங்கியது. பயிற்சியாளர்தான் அதற்குப் பொறுப்பு. அக்கா குழுவில் இல்லை. ஆனால் தினமும் வருகிறார். நாத்தனாரும் மற்றவர்களும் மேலே போனதும் அவர் வீட்டுக்குள் போய்க் கூரையைத் துப்பாக்கியால் அளக்கிறார். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்கிறார். மேல் சன்னலில் அட்டை வைத்து அடைத்திருப்பவர்களோடு சண்டை போடுகிறார். சான்றிதழ் உள்ளவர்கள்தான் வேலையிடத்தில் இருக்கலாம் என்பது விதி. சோதனைக்கு வருகிறவர்கள் கேட்டால் இவர் இந்த வீட்டுக்காரம்மாவின் சொந்தக்காரர் என்று சொல்வதாக ஏற்பாடு. ஒவ்வொரு தெருவிலும் அவருக்குப் புதுசாக ஒரு சொந்தம் இருக்கிறது.

போன மாதம் ஒரு முற்பகலில் போயிருந்தேன். மேலே ரோலர் உருளும் சத்தம் கேட்டது. உள்ளே அக்கா ரப்பர் செருப்போடு தரையில் நின்று, கூரையின் ஒரு மூலையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்குது மேடம், இருக்குதுன்னு கண்ணால பார்த்துக்கறேன் என்றார். பேச்சுக்கு நடுவே தெருவில் ஒரு வண்டிச் சத்தம் வந்து, வாசல் பக்கம் மெதுவானது. அவர் துப்பாக்கியைச் சட்டென்று முந்தானைக்குள் சொருகிக்கொண்டு, சுவரோரமாகப் போய் அந்த வீட்டின் அரிசி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“யாரு மேடம்?” என்றார், வாய் அசையாமல்.

எட்டிப் பார்த்தேன். “மீன்காரர்.”

மீன்காரர் ஹாரனை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அக்கா முறத்தைக் கீழே வைக்கவில்லை. இல்லாத கல்லைப் பொறுக்கியபடி, வண்டி தெருமுனை திரும்பும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.